எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கலாகாது: பிள்ளைகள் உள்ள வீட்டின் சிக்கனம்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழா மேடையில் ஒரு வைத்தியர் எழுந்தால் நீரிழிவும் முழங்கால் நோவும்தான் வரப்போகின்றன என்று சபை எதிர்பார்ப்பது வழக்கம். பிள்ளைகளின் ஆரோக்கியம் பற்றிப் பேசுங்கள் என்றே சங்கத்தினர் கேட்டிருந்தார்கள். அந்தத் தலைப்பை விட்டு விலகாமல் வீட்டுச் செலவைப் பற்றிப் பேசப் போகிறோம். ஏனெனில், சிறுவர் கிளினிக்கில் தாய்மார் எம்மிடம் கேட்கும் கேள்வி சில வருடங்களாக மாறியிருக்கிறது. முன்பெல்லாம், "பிள்ளைக்கு இன்னும் என்ன குடுக்கலாம், டொக்ரர்?" என்று கேட்பார்கள். இப்போது, "எதை நிப்பாட்டினால் பரவாயில்லை?" என்று கேட்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லத் தெரியாத வைத்தியரால் முதலாவது கேள்விக்கான விடையாலும் பெரிய பயன் இல்லை.

எமது வகுப்பினருக்குச் சிக்கனம் புதிய பாடமன்று. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாம் தடையின் காரணமாக அரிய பொருள்களாகின. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்துச் சில துளி மண்ணெண்ணெயில் எரிந்த விளக்கைச் சுற்றியிருந்து படித்தவர்கள் நாம். பழைய கொப்பிகளின் வெற்றுத் தாள்களைச் சேர்த்துத் தைத்துப் புதுக் கொப்பி ஆக்கினோம். சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, ஒரு குடும்பம் எத்தனை பொருள்களோடு வாழ முடியும் என்பதையும் கண்டோம்.

இவற்றைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு, "நாங்கள் அப்பிடி வளரேல்லையோ?" என்று இன்றைய பிள்ளைகளைக் கேட்பது சரியல்ல. இல்லாமையும் சிக்கனமும் ஒன்றல்ல. இல்லாமை எம்மீது சுமத்தப்படுவது. சிக்கனம் நாம் தெரிந்து செய்வது. அக்காலத்திலும் எமது அம்மாமார் எல்லாவற்றையும் ஒரேயளவாகக் குறைக்கவில்லை. விளக்கைக் குறைத்தார்கள், உடுப்பைக் குறைத்தார்கள், கொண்டாட்டத்தைக் குறைத்தார்கள். முற்றத்து முருங்கையும் வளவுக் கோழியும் எவருடைய கணக்கிலும் வராமலே எமது தட்டுக்கு வந்துகொண்டிருந்தன. பிள்ளை உள்ள வீட்டில் எதை முதலில் குறைக்க வேண்டும், எதைக் கடைசி வரைக்கும் தொடக்கூடாது என்ற வரிசையை அவர்கள் அறிந்திருந்தார்கள். இன்று பல வீடுகளில் அந்த வரிசை தலைகீழாகி இருக்கிறது. இன்றைய உரையில் நாம் சொல்ல வருவது இதைத்தான்.

2022இல் நடந்ததை எண்ணிப் பாருங்கள். ஏப்பிரல் மாதம் நாடு வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை நிறுத்தியது. செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். முந்திய வருடம் 1,000 ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு 1,949 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. சம்பளமோ கூலியோ அப்படி ஏறவில்லை. அந்த மாதங்களில் வீடுகளில் முதலில் நின்றவை முட்டை, மீன், பழம். நிற்காமல் தொடர்ந்தவை பால்மா, பிஸ்கற், ரியூசன் காசு. பால்மாப் பைக்கற்றை இரண்டு கிழமைக்கு இழுப்பதற்காக ஒரு கரண்டி போட வேண்டிய இடத்தில் அரைக் கரண்டி போட்டுக் கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுத்த தாய்மாரைக் கண்டிருக்கிறோம். போத்தல் வெள்ளையாகத்தான் இருந்தது. பிள்ளையின் நிறை ஏறவில்லை. அந்தத் தாய் தன் பிள்ளைக்காக எல்லாவற்றையும் செய்தவள். சரியான இடத்தில் மிச்சம் பிடிக்க அவளுக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆகவே அடுப்படியிலிருந்தே தொடங்குவோம்.

பிறந்தது முதல் ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் போதும். அதன்பின் வீட்டுச் சாப்பாட்டோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடரலாம். ஆறு மாதத்துக்குப் பிந்திய பிள்ளைகளுக்கென்று விற்கப்படும் விசேட பால்மாக்கள் அவசியமில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே சொல்லிவிட்டது. ஏற்கெனவே புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதைத் திடீரென்று நிறுத்துவதோ தண்ணீர் கூட்டுவதோ ஆபத்து. குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டே மாற்ற வேண்டும். ஒரு வயது தாண்டிய பிள்ளை எமது சாப்பாட்டையே சாப்பிடலாம். பால் நல்ல உணவுதான்; கட்டாய உணவு அன்று. அளவுக்கு மிஞ்சிப் பால் குடிக்கும் சின்னப் பிள்ளைக்குச் சோற்றில் பசி இராது, இரும்புச்சத்தும் குறையும்.

புரதத்தைக் கணக்குப் பார்ப்போம். நான்கைந்து வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு ஏறத்தாழ 20 கிராம் போதும். ஒரு முட்டையில் 6 கிராம் அளவில் இருக்கிறது. சமைக்காத மைசூர்ப் பருப்பு 100 கிராமில் 24 கிராம் வரை இருக்கிறது, பயறும் அப்படியே. ஒரு முட்டை, ஒரு பிடி பருப்பு, சோறு, ஒரு சின்னத் துண்டு மீன்: கணக்கு முடிந்துவிடும். இரண்டு தேக்கரண்டி பால்மா போட்டுக் கலக்கும் பால்தேத்தண்ணீரில் ஒரு முட்டையின் பாதிப் புரதம்கூட இல்லை. காலையும் மாலையும் பால்தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுப் பிள்ளை பால் குடிக்கிறது என்று நாம் நிம்மதி அடைகிறோம்.

நெத்தலியையும் சூடையையும் ஏழைகளின் மீன் என்று ஒதுக்காதீர்கள். முள்ளோடு சாப்பிடும் சின்ன மீனில் கல்சியம் கிடைக்கிறது. நெத்தலிக் கருவாட்டை நன்றாக ஊறவைத்து உப்பைப் போக்கிச் சமைத்தால் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். முருங்கையிலை வறை, பொன்னாங்காணி, வல்லாரைச் சம்பல், குரக்கன்மாப் பிட்டு, உழுத்தம்மாக் களி, அவித்த கௌபி எல்லாம் எமது அடுப்படிக்குப் புதியவை அல்ல. விளம்பரம் இல்லாததால் பிள்ளைகளிடம் மதிப்பிழந்தவை அவை.

ஒரு சதமும் செலவில்லாத ஒரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். சாப்பாட்டோடும் சாப்பிட்ட உடனும் பிளேன்ரீ குடிப்பதை நிறுத்துங்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேயிலை தடுக்கிறது. அதே கீரையில் தேசிக்காய் பிழிந்து சாப்பிட்டாலோ, பின்னர் ஒரு கொய்யாப்பழம் தின்றாலோ கூடுதலாகச் சேரும். தேத்தண்ணீரை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினால் அந்த வீட்டின் சாப்பாட்டுக்கே பெறுமதி கூடிவிடும். மாதவிடாய் தொடங்கிய மகள் உள்ள வீட்டில் இது மிகவும் முக்கியம். வகுப்பில் தூங்கி விழுகிற, படித்தது மனதில் நிற்காத, மாடிப்படி ஏறக் களைக்கிற பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுவதற்கு முன் இரத்தச்சோகை இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, எதை நிறுத்தலாம் என்ற கேள்வி. பைக்கற்றில் வரும் இனிப்புப் பானங்களை இன்றே நிறுத்தலாம். 2016 முதல் எமது நாட்டில் இவற்றின் போத்தலில் நிறக் குறியீடு இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் நிறம் தெரியும். கடையில் அந்த வட்டத்தைத் தேடச் சொல்லி அதன் கையில் விட்டுவிடுங்கள். மோரும் தேசிக்காய்த் தண்ணீரும் கொதித்தாறிய நீரும் போதும். கிறீம் பிஸ்கற், உடனடி நூடில்ஸ், வளர்ச்சி தரும் என்று விற்கும் மா வகைகள், பசிக்கு என்று வாங்கும் டொனிக் ஆகியவையும் நிறுத்தும் பட்டியலில் அடங்கும். நிறை குறைந்த பிள்ளைக்கு 1973 முதல் இலவசமாக வழங்கப்பட்டு வரும் திரிபோஷா இருக்கிறது. அது கிடைக்காத மாதத்தில் வீட்டில் வறுத்து அரைத்த சத்துமா இருக்கிறது.

வைத்தியச் செலவுக்கு வருவோம். இலவசமாக இருப்பதால் தரம் குறைந்தது என்று நாம் எண்ணும் பல சேவைகள் உண்மையில் எமது நாட்டின் பெரும் சொத்து. பிள்ளையின் தடுப்பூசிகள், நிறை பார்த்தல், வளர்ச்சிப் பதிவேடு, பாடசாலை வைத்தியப் பரிசோதனை எல்லாம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையூடாகக் காசில்லாமல் கிடைக்கின்றன. சாதாரண தடிமனுக்கு அன்ரிபயற்றிக் தேவையில்லை. வயிற்றோட்டத்துக்கு முதல் மருந்து ஜீவனிதான். மருந்துக்கு வர்த்தகப் பெயர் பெரிதல்ல, உள்ளே இருக்கும் மருந்தே பெரிது என்று இந்த நாட்டுக்கு எடுத்துச் சொன்னவர் பேராசிரியர் சேனக பிபிலே. அவரது முயற்சியில் 1971இல் உருவானது அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம். இன்றும் ஒரே மருந்து பல பெயர்களில் பல விலைகளில் விற்கிறது. "இதே மருந்தில விலை குறைஞ்சது இருக்கோ?" என்று கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. அதே வேளையில் மிச்சம் பிடிப்பதற்காக வலிப்பு மருந்தையோ இழுப்புக்குரிய பம்மையோ ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கக் கூடாது. அப்படிச் செய்த குடும்பங்கள் நள்ளிரவில் முச்சக்கரவண்டி பிடித்து வைத்தியசாலைக்கு ஓடி வருவதைப் பார்க்கிறோம்.

படிப்புச் செலவும் இப்படித்தான். 1945இல் கன்னங்கரா அவர்கள் பெற்றுத் தந்த இலவசக் கல்வி, 1980 முதல் இலவசப் பாடநூல், 1993 முதல் இலவசச் சீருடைத் துணி. இவ்வளவும் இருக்கும் நாட்டில் படிப்புக்காகப் பெற்றோர் கடன்படுகிறார்கள் என்றால் அதன் பெரும்பகுதி ரியூசனுக்குப் போகிறது. ரியூசன் முழுவதும் வீண் என்று சொல்ல மாட்டோம். ஒரு பாடத்துக்கு இரண்டு இடத்துக்கு அனுப்பிவிட்டுக் காலைச் சாப்பாடு இல்லாமல் பிள்ளையை ஆறு மணி வகுப்புக்கு ஏற்றுவது வீண் என்று சொல்வோம். பசித்த மூளையில் பாடம் ஏறாது. ஒரு வகுப்பைக் குறைத்து, அந்தக் காசில் முட்டையும், அந்த நேரத்தில் நித்திரையும் கொடுத்துப் பாருங்கள்.

இனிச் சொல்லப் போவது சிலருக்குக் கசக்கலாம். கொண்டாட்டங்கள். மகள் பெரியபிள்ளை ஆனால் மண்டபம், மேடை அலங்காரம், ட்ரோன் கமரா, முந்நூறு பேருக்குச் சாப்பாடு. நகையை அடைவு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் நடக்கிறது. நூற்றுக்கு மாதம் 5 ரூபா வட்டிக்கு ஓர் இலட்சம் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். மாதம் 5,000, வருடத்துக்கு 60,000. முதல் அப்படியே நிற்கிறது. ஒரு முட்டை 50 ரூபா என்றால் அந்த வட்டிக் காசு 1,200 முட்டை. மூன்று பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒன்று வீதம் ஒரு வருடத்துக்கு மேல் காணும். எந்தப் பிள்ளைக்காக விழா எடுத்தோமோ, அந்தப் பிள்ளைக்கே இரும்புச்சத்தும் புரதமும் கூடுதலாகத் தேவைப்படும் வயதில் அவளது தட்டிலிருந்து அது போய்விடுகிறது. சடங்கை விடச் சொல்லவில்லை. தாய்மாமனும் மாமியும் சொந்தக்காரரும் வந்து வீட்டு முற்றத்தில் தண்ணீர் வார்த்து, நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் கொடுத்து நடத்திய சடங்கில் சத்தும் இருந்தது, உறவும் இருந்தது. விரலுக்கேற்ற வீக்கம் என்று எமது ஆச்சிமார் சொன்னது இதற்கும் பொருந்தும்.

பிள்ளைகளோடு காசைப் பற்றிப் பேச வேண்டுமா என்று கேட்கிறார்கள். வயதுக்கேற்ற அளவில் பேச வேண்டும். "இந்த மாதம் இது வாங்கேலாது, அடுத்த மாதம் பாப்பம்" என்று உண்மையைச் சொன்னால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். பத்து வயதுப் பிள்ளையிடம் சந்தைக் காசில் ஒரு பகுதியைக் கொடுத்து மரக்கறி வாங்கச் சொல்லலாம். ஆனால் கடன்காரன் வந்து நின்ற கதையையும் தகப்பனின் சம்பளம் காணாத கோபத்தையும் பிள்ளையின் தலையில் இறக்கக் கூடாது. தன்னால்தான் வீட்டில் செலவு என்று எண்ணத் தொடங்கிய பிள்ளை, பசித்தாலும் பசிக்கவில்லை என்று சொல்லும்.

அதே வார்த்தையை அதிகம் சொல்பவர்கள் தாய்மார். எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடும் தாய், தன்னைக் குறைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுவதாக நம்புகிறாள். வெளிறிய கண்ணோடு பிள்ளையைத் தூக்கி வரும் தாய்மாரை நாம் தினமும் பார்க்கிறோம். தாய் விழுந்தால் அந்த வீட்டின் சிக்கனக் கணக்கு முழுவதும் விழுந்துவிடும். ஆகையால் குறைக்கக் கூடாதவற்றின் பட்டியலில் தாயின் தட்டையும் எழுதிக்கொள்ளுங்கள். காலைச் சாப்பாடு, முட்டையோ மீனோ பருப்போ ஒன்று, தடுப்பூசி, தொடர் மருந்து, நித்திரை, பெண்பிள்ளையின் மாதவிடாய்த் தேவைகள், தாயின் தட்டு. இவை ஏழையும் தொடாமல் மற்றவற்றில் எவ்வளவு வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருந்து வந்திருக்கும் எமது தோழியருக்கும் வீட்டுக்கடன் இருக்கிறது, பிள்ளை பராமரிப்புச் செலவு இருக்கிறது. அங்கும் இதே வரிசைதான் பொருந்தும். ஊருக்கு வரும்போது பெட்டி நிறையக் கொண்டுவரும் சொக்கிலேற்றின் காசைச் சங்கத்திடம் கொடுத்துவிடுங்கள் என்று உரிமையோடு கேட்கிறோம். ஏனெனில் சங்கத்தின் அடுத்த நூற்றாண்டுக்கு நாம் மூன்று வேலைகளை முன்மொழிகிறோம்.

முதலாவது, ஓர் அலுமாரி. பாவித்த நல்ல சீருடை, சப்பாத்து, பயிற்சிப் புத்தகங்கள், கணித உபகரணப் பெட்டி, மாதவிடாய் அணையாடை எல்லாம் அதில் இருக்கட்டும். தேவைப்பட்ட பிள்ளை எவரிடமும் கேட்காமல் எடுக்கட்டும். இரண்டாவது, காலைச் சாப்பாடு. அரசின் பாடசாலை உணவுத் திட்டம் ஆரம்ப வகுப்புகளை முதன்மையாகக் கொண்டது; மேல்வகுப்பில் வெறும் வயிற்றோடு வந்து இருக்கும் பிள்ளைகள் உண்டு. அவித்த பயறோ கடலையோ, ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம் போதும். வறிய பிள்ளைகளுக்கு மட்டும் என்று பிரிக்காமல் விரும்பிய எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். மூன்றாவது, பாடம். உலகெங்கும் உள்ள எமது மாணவிகளில் ஆசிரியர், பொறியியலாளர், கணக்காளர் எத்தனை பேர்! கிழமைக்கு ஒரு மணித்தியாலம் சூமில் கற்பித்தால், எத்தனையோ வீடுகளில் ஒரு ரியூசன் காசு மிஞ்சும்.

இம்மூன்றுக்கும் ஒரே ஒரு நிபந்தனை. வாங்கும் பிள்ளையைப் படம் எடுக்கக் கூடாது. பெயரை அறிவிக்கக் கூடாது. காசோலையோடு மேடையில் நிறுத்தக் கூடாது. தடை காலத்தில் எமக்குக் கொப்பி தந்த ஆசிரியைகள் யார் யாருக்குத் தந்தார்கள் என்று இன்றுவரை வெளியே தெரியாது. எமது வெள்ளைச் சீருடைக்குள் யார் வீட்டில் அடுப்பு எரிந்தது, யார் வீட்டில் எரியவில்லை என்று எவருக்கும் தெரியாமல்தான் நாம் வளர்ந்தோம். அந்த மரியாதையை இன்றைய தங்கைமாருக்கும் கொடுப்போம்.

அலுமாரிக்குரிய இடத்தைத் தருவதாக அதிபர் அவர்கள் சற்று முன்னர் தலையசைத்தார். மண்டபத்தை விட்டுப் போகுமுன் செயலாளரிடம் பெயரைப் பதிந்துவிட்டுப் போங்கள்.